மூன்று பேர் நிற்காத படம்

சிவபாலன் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிற யாரும் முதலில் கேட்பது, "இது யாரு?" என்பதுதான்.

கொடைக்கானல் படத்தில் சிவபாலன், மனைவி செல்வலட்சுமி, மகள் ஜெயபிரியா. பக்கத்தில் ஒரு குதிரைக்காரர். குற்றாலத்தில் அதே மூவரோடு, தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாக ஒரு மசாஜ்காரர். திருச்செந்தூர் கடற்கரையில் சுக்குக்காப்பி விற்கிறவர், கேனைக்கூடக் கீழே வைக்காமல். பனிமயமாதா கோயில் திருவிழாவில் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர், தன்னை எதற்கு இழுத்து நிறுத்துகிறார்கள் என்று விளங்காத முகத்தோடு. புதிதாகப் பார்க்கிறவர்கள் அந்தப் போலீஸ்காரரைச் செல்வலட்சுமியின் தம்பி என்று நினைத்துக்கொள்வார்கள். முகச்சாடைகூட இருக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொன்னார்.

அவர்களெல்லாம் நாலாவது ஆள். அந்த வீட்டில் அது ஒரு பதவி மாதிரி. எந்த ஊருக்குப் போய் இறங்கினாலும், மூவரும் சேர்ந்து ஒரு படம் என்று பேச்சு வந்ததும், "முதல்ல நாலாவது ஆளப் பாருங்க" என்பாள் செல்வலட்சுமி. மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் நடுவில் நிற்கிறவர் போய்விடுவார் என்பது அவளுடைய கட்சி.

இதெல்லாம் ஒரு பேச்சா என்று நீங்கள் சிரிக்கலாம். கல்யாணமான புதிதில் சிவபாலனும் சிரித்தவர்தான். உடன்குடியில் மாமனார் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கிறவரைக்கும் சிரித்தார். அது செல்வலட்சுமியின் அண்ணன் லிங்கராஜின் படம். மும்பைக்குக் கடை வேலைக்குப் புறப்படுவதற்கு முன்னால் இரண்டு கூட்டாளிகளோடு ஸ்டுடியோவுக்குப் போய், நடுவில் நின்று எடுத்துக்கொண்டது. படம் கழுவி வருவதற்குள், லோடு லாரி ஒன்று பைக்கோடு அவனை அடித்துப் போட்டுவிட்டது. வளர்ந்த ஆளாக அவனுக்கு இருந்த ஒரே படம் அதுதான் என்பதால், ஸ்டுடியோக்காரர் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு அவனை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார். கூட்டாளிகளை வெட்டினாரே தவிர, ஒருவன் லிங்கராஜின் தோளில் போட்டிருந்த கையை வெட்ட முடியவில்லை. படத்தில் அந்தக் கை மட்டும் அப்படியே இருக்கிறது. சின்னப் பெண்ணாக இருந்த செல்வலட்சுமிதான் வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவள். அந்தக் கையையும் சேர்த்துத் துடைத்தவள்.

அதைப் பார்த்ததற்கு அப்புறம் சிவபாலன் சிரிக்கவில்லை. நம்பினாரா என்று கேட்டால், நம்பவுமில்லை. பெண்டாட்டி பயப்படுகிற ஒன்றைச் செய்யாமல் இருப்பதில் தனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டார். அப்படி விட்டுவிடுகிற விஷயங்கள்தான் நாளாக ஆக நமக்குள்ளேயே குடியேறிவிடுகின்றன.

சிவபாலனுக்குத் துறைமுகத்தில் வேலை. இறாலும் மீனும் ஏற்றி வருகிற குளிர்சாதனக் கன்டெய்னர்களுக்குக் கரண்ட் இணைப்புக் கொடுத்து, உள்ளே குளிர் குறையாமல் இருக்கிறதா என்று பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போவார். அவருடைய அண்ணன்மார் எல்லாம் சென்னையில் கடை வைத்திருக்கிறார்கள். இவருக்குக் கல்லாவில் உட்காரப் பொறுமை கிடையாது. ஆனால் ஒரு பூநாரை தலையைத் தூக்குவதற்காக உப்பளத்து வரப்பில் வெயிலில் குந்தியிருக்கச் சொன்னால், சோறு தண்ணீர் இல்லாமல் இருப்பார். அதற்காகவே பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை வாங்கி, பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்தார்.

அந்தக் கேமரா ரொம்பப் பழைய மாடல். எடுத்த பிறகுதான் பின்பக்கத் திரையில் படம் தெரியும். எடுக்கும்போது மேலே உள்ள சின்ன ஓட்டையில் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாலாவது ஆளைப் பிடித்த பிறகு, அதை அமுக்குவதற்கு ஐந்தாவதாக ஒருவரைப் பிடிக்க வேண்டியிருந்ததே, அங்கேதான் எல்லாம் கெட்டது. கேமராவை வாங்கியவர் போனைப் பிடிப்பது போல எட்டப் பிடித்துக்கொண்டு, இருண்டு கிடக்கும் திரையைப் பார்த்து, "அண்ணே, இதுல சார்ஜ் இல்ல" என்பார். ஓட்டையில் பாருங்கள் என்று சொன்னால் தப்பான கண்ணை மூடுவார். கடைசியில் விழுகிற படத்தில் குதிரைக்கு முழு முகமும் இருக்கும், சிவபாலனுக்குக் கழுத்து வரைக்கும்தான் இருக்கும்.

ஆகையால் பெரும்பாலும் அவரே எடுத்துவிடுவார். தாயும் மகளும் நிற்பார்கள், இவர் கேமராவுக்குப் பின்னால் நிற்பார். இரண்டு பேர்தான் படத்தில் என்பதால் செல்வலட்சுமியின் சட்டத்துக்கும் பங்கமில்லை. பிறந்தநாள், காதுகுத்து, பள்ளிக்கூட விழா என்று எத்தனையோ படங்கள். சிவபாலன் என்று ஒரு மனிதர் அந்த வீட்டில் இருந்ததற்கு ஆல்பத்தில் உள்ள அத்தாட்சி, தலையில்லாத சில சட்டைகள் மட்டும்தான். அதுபற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை.

போன வருஷம் செல்வலட்சுமிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு நடையாக நடந்தார்கள். மருந்து ஏற்ற ஏற்ற முடி கொட்டியது, உடம்பு பாதியானது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த ஜெயபிரியா, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் பார்க்க வந்த ஒரு சொந்தக்காரி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைத்துணி நழுவிக் கிடந்த செல்வலட்சுமியைப் போனில் படம் எடுத்து, கும்பிடுகிற கைகளை வரிசையாகப் போட்டுச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விட்டுவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள், ஆனால் அதைச் செல்வலட்சுமியும் பார்த்துவிட்டாள். ஊர் முழுக்கத் தன் மொட்டைத் தலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் படித்தாள்.

"இனி எவளும் என்னைய போன்ல எடுக்கக் கூடாது" என்றாள். "எடுத்த கை காயுறதுக்குள்ள குரூப்புக்குப் போயிருது. அப்பா கேமராவுல எடுக்கட்டும். அதுதான் வாய மூடிக்கிட்டு இருக்கும்."

அதிலிருந்து அந்த வீட்டில் போனுக்குத் தடை. கேமராவுக்கு மட்டும் அனுமதி. சிவபாலனுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் பெருமையோடு ஒரு சிக்கலும் வந்தது. பெரிய கேமராவுக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை லென்சைத் தாங்கும், ஒரு கை அமுக்கும். செல்வலட்சுமிக்கோ நடப்பதற்கு அவருடைய ஒரு கை வேண்டியிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் தெருமுனை வரை மெள்ள நடத்திக் கூட்டிப் போனார். மேல் துண்டு காற்றில் பறக்க, மேற்கு வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் அழகாக இருந்தாள். "அப்படியே நில்லுளா" என்று அவள் கையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கினார். ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தால் ஆள் இல்லை. கால் துவண்டு, வாறுகால் சாக்கடையின் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அடி ஒன்றும் படவில்லை. அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். சிவபாலன்தான் வீடு வந்து சேரும் வரை அவள் கையை விடவில்லை. மறுநாள் காலையில் கேமராப் பையை எடுத்துக்கொண்டு கிருபாநிதியின் கடைக்குப் போனார்.

கிருபாநிதி வி.இ. ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் கேமரா ரிப்பேரும், பழைய கேமரா விற்பனையும், பிரிண்ட் போடுவதுமாகக் கடை நடத்துகிறவன். சிவபாலனைவிட வயதில் ரொம்ப இளையவன். இவருடைய கேமராவை விற்றதும் அவன்தான், வருஷா வருஷம் தூசி தட்டித் தருவதும் அவன்தான்.

"தம்பி, ஒரு கையால எடுக்க மாதிரி ஏதாவது இருக்கா?" என்றார் சிவபாலன்.

அவன் காரணம் கேட்கவில்லை. வீட்டில் என்ன நிலைமை என்று அவனுக்குத் தெரியும். கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் கேமராவை எடுத்து வைத்தான். சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பொத்தானை அமுக்கியதும் லென்ஸ் தானாக வெளியே வந்தது.

"சட்டைப் பையில போட்டுக்கலாம் அண்ணாச்சி. காலேஜ் பிள்ளைக இப்ப இதுக்குத்தான் அலையுதுவ. இன்னொண்ணு பாருங்க." பின்பக்கத் திரையை மேலே மடக்கி நிமிர்த்தினான். திரையில் சிவபாலனின் முகமே தெரிந்தது. "கைய நீட்டி நீங்களே அமுக்கிக்கலாம். எடுக்க ஆளே தேட வேண்டாம். எடுக்குறவரும் படத்துல வந்துருவாரு."

திரையில் தெரிந்த அந்த முகத்தைச் சிவபாலன் விரோதியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கு தம்பி அது? படம் எப்பிடி வரும்?"

"நல்ல வெளிச்சத்துல குறை சொல்ல முடியாது. இருட்டுனா கொஞ்சம் புள்ளி அடிக்கும். பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஓட்டையில கண்ண வச்சுப் பாக்க முடியாது, திரைதான். உங்க பெருசுல வார அந்த அழுத்தம் இதுல வராது, அதையும் சொல்லிருதேன். ஆனா பெருசு எப்பவும் வீட்டுலயே கிடந்தா என்ன பிரயோசனம்?"

சிவபாலன் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். பெரியதை எடுத்தால் கை பழகிய இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. கண் தானாக ஓட்டையைத் தேடியது. சின்னதை எடுத்தால் கையில் ஏதோ இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. இடது கையில் செல்வலட்சுமி பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் சின்னதைத் தூக்கி ரோட்டில் போன ஆட்டோவை ஒரு முறை குறிபார்த்தார். சௌகரியமாகத்தான் இருந்தது. பெரியதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்வதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

"ரெண்டையும் கொண்டு போங்க" என்றான் கிருபாநிதி. "வச்சுப் பாருங்க. எது வேண்டாம்னு தோணுதோ, அதக் கொண்டாந்து குடுங்க. மத்ததெல்லாம் பொறவு பேசிக்கிடலாம்."

வீட்டுக்கு வந்ததும் ஜெயபிரியாதான் முதலில் சின்னதைக் கைப்பற்றினாள். திரையை நிமிர்த்துகிற வித்தையைக் கண்டுபிடித்த மறுகணம், கட்டிலில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையில் விழுந்து, கையை நீட்டினாள். "எம்மா, இங்கன பாரு!"

திரையில் மூன்று முகங்களும் தெரிந்தன. அடுத்த நொடி இரண்டுதான். எழுந்து நடக்கவே ஆள் பிடிக்க வேண்டிய செல்வலட்சுமி, அப்படி ஒரு வேகத்தில் சுவர்ப்பக்கம் புரண்டுவிட்டாள்.

"கிறுக்கி! நடுவுல போயா விழுவ?" என்று மகளை ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடியில் பலமே இல்லை.

"எம்மா, ஊருல எல்லா வீட்டுலயும் மூணு பேராத்தான் இருக்காவ. எல்லாரும் எடுக்கத்தான செய்யுதாவ?"

"எல்லாரும் உங்க மாமாவப் பாத்தாவளா? நான் பாத்தேன்."

ஜெயபிரியா எழுந்தாள். சின்னக் கேமராவைக் குளிர்சாதனப் பெட்டியின் மேலே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது அங்கேயே கிடந்தது. சிவபாலனும் அதை எடுக்கவில்லை. படமே எடுக்கிற மாதிரியான நாட்கள் அப்புறம் வரவில்லை.

ஒரு புதன்கிழமை டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் மருந்து ஏற்ற வேண்டாம், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்பதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது? சிவபாலன் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு, ஒன்றும் இல்லாதவர் போலத் திரும்பி வந்தார். செல்வலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். காரில் திரும்பும்போது, "மக்ரூன் வாங்கிட்டுப் போவோமா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து, ஒரு மக்ரூனை நுனியில் கடித்து வைத்துவிட்டு, அவள் சொன்னாள்:

"நாளைக்குக் காலையில பீச்சுக்குப் போவோம். பிரியாவும் வரட்டும். சின்னக் கேமராவ எடுத்துக்கோங்க. மூணு பேரும் சேந்து ஒரு போட்டோ எடுத்துக்கிடுவோம்."

சிவபாலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூணு பேரா? நாலாவது ஆளு?"

"நாலாவது ஆளு வேண்டாம். நாம மட்டும்."

"கூடாதுன்னு நீதானளா சொல்லுவ?"

"கூடாதுதான். அதான் நடுவுல நான் நிக்கேன்னு சொல்லுதேன்." சாதாரணமாக, நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்வது போலச் சொன்னாள். "எப்பிடியும் போறவ நடுவுல நின்னுட்டா, உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வராதுல்லா. அந்தப் பிள்ளைக்கு நம்ம மூணு பேரும் இருக்க மாதிரி ஒரு போட்டோ வேண்டாமா? எல்லாத்துலயும் எவனோ ஒருத்தன் நிக்கான்."

சிவபாலன் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றார். அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். அவள் சொன்னது நியாயம் என்பதும் தெரிந்தது, அந்த நியாயத்துக்குத் தன் விரலால் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. நாளைக்குக் கையை நீட்டி அதை அமுக்கினால், ஆமாம், நீ போகத்தான் போகிறாய் என்று அவளிடம் நேராகச் சொல்வது போலத்தானே? அமுக்காவிட்டால் அவள் போகாமல் இருந்துவிடுவாளோ என்று மனசின் எந்த மூலையோ கணக்குப் போட்டது. இத்தனை வருஷம் நம்பாமல் இருந்த மனுஷன், நம்பத் தொடங்கியது அந்த நிமிஷத்தில்தான்.

காலையில் ஆட்டோ வந்து நின்றது. செல்வலட்சுமி மயில்கழுத்துச் சேலை கட்டியிருந்தாள். ஜெயபிரியா தலைத்துணியை அழகாக முடிந்துவிட்டிருந்தாள். சிவபாலன் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றார். சின்னக் கேமரா அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. அதை எடுக்காமல், அலமாரியைத் திறந்து பெரிய கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டினார்.

கடற்கரையில் கூட்டமில்லை. நடைப்பயிற்சிக்காரர்கள் சிலர் போய்க்கொண்டிருந்தார்கள். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் உள்ளே வரக் காத்து நின்றது. செல்வலட்சுமி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, கையை நீட்டினாள்.

"எங்க, சின்னது?"

"மறந்துட்டேன்" என்றார் சிவபாலன்.

அவள் அவரைப் பார்த்தாள். எத்தனை வருஷப் பெண்டாட்டி! இந்த மனிதருக்கு எது மறக்கும், எது மறக்காது என்று அவளுக்குத் தெரியாதா?

"எப்பா!" என்றாள் ஜெயபிரியா. குரலில் அழுகையும் ஆத்திரமும் இருந்தன. "சரி, யாரையாவது கூப்பிட்டு இதுலயே எடுக்கச் சொல்லுதேன்."

"அவங்களுக்கு இதுல எடுக்கத் தெரியாது பிரியா. தலையெல்லாம் வெட்டிருவாங்க."

"அப்ப என் போன்ல எடுப்போம்."

"போன் வேண்டாம்" என்றாள் அம்மா.

சிவபாலன் சுற்றுமுற்றும் பார்த்தார். "வேணும்னா நாலாவதா யாரையாவது நிப்பாட்டிக்கிட்டு..."

"இன்னைக்கு வேண்டாம்." செல்வலட்சுமி அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். "சரி, விடுங்க. நீங்களே எடுங்க. வெயில் வந்துட்டா கண்ணு கூசும்."

மகளைத் தன் வலப்பக்கம் நிறுத்தினாள். ஜெயபிரியா அம்மாவின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுத் தாங்கிக்கொண்டாள். சிவபாலன் பின்னால் நகர்ந்துபோய், கேமராவைத் தூக்கி, ஓட்டையில் கண்ணை வைத்தார்.

ஓட்டைக்குள் இருவரும் ஒரு ஓரமாக நின்றார்கள். "கொஞ்சம் இந்தப் பக்கமா வாங்க, நடுவுக்கு வாங்க" என்றார் பழக்கத்தில்.

"இதுதான் நடு" என்றாள் செல்வலட்சுமி.

சொல்லிவிட்டு, இடது கையைத் தூக்கி, பக்கத்தில் யாரோ நிற்பது போல, அந்த ஆளின் தோளில் போடுவது போல, வெறும் காற்றில் வைத்தாள். சிவபாலனின் தோள் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வைத்தாள். அந்தக் கையில் பலம் கிடையாது. டம்ளரைத் தூக்கவே நடுங்குகிற கை. அதை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தக் கேமராவில் டைமர் இருந்தது. அவருக்குப் பின்னாலேயே கட்டைச்சுவரும் இருந்தது. கேமராவைச் சுவரில் வைத்துவிட்டு ஓடிப் போய் அந்தக் கைக்குக் கீழே நின்றிருக்கலாம். இது சிவபாலனுக்கு அப்போதே தெரியும். பிற்பாடு யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. அவள் கை நடுங்க ஆரம்பிப்பதும் தெரிந்தது. கண்ணில் நீர் கட்டி ஓட்டைக்குள் எல்லாம் கலங்கியது. கேமராவுக்குப் பின்னால் இருந்ததால் அவர் அழுதது யாருக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை அமுக்கினார். டக் என்ற அந்தப் பழைய சத்தம் கேட்டதும் அவள் கையைக் கீழே போட்டாள்.

"எடுத்துட்டியளா?"

"எடுத்துட்டேன்."

"சரி, வாங்க. கையைப் பிடிச்சுக்கோங்க."

மூன்று பேர் படம் எடுக்கவில்லை. இருந்தும் அந்த மாதம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

சாவு வீட்டில் எல்லோரும் வந்தார்கள். சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள். ஜெயபிரியா வாசலில் நின்று, "எங்க அம்மைய யாரும் போட்டோ எடுக்கக் கூடாது" என்று கத்தினாள். பேய் பிடித்தவள் போலக் கத்தினாள் என்று பிறகு சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. சிவபாலன் இரண்டு கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு கிருபாநிதியின் கடைக்குப் போனார். ஜெயபிரியாவும் கூட வந்தாள். கடற்கரையிலிருந்து திரும்பிய பிறகு, அந்தப் படத்தைப் பற்றி அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கிருபாநிதி கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சின்னக் கேமராவைத் திறந்து பார்த்தான்.

"இதுல ஒண்ணுகூட எடுக்கலையே அண்ணாச்சி?"

"இல்ல தம்பி."

"அப்ப இதத் திருப்பி எடுத்துக்கிடவா?"

"வேண்டாம். அது பிள்ளைக்கு. நீ பெருச எடுத்துக்கோ."

கிருபாநிதிக்குப் புரியவில்லை. "இத்தன வருஷம் புழங்குன கேமராவாச்சே..."

"ஆமா, இத்தன வருஷமா இதுக்குப் பின்னாலயே ஒளிஞ்சுக்கிட்டேன்" என்றார் சிவபாலன். மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கிருபாநிதி பெரிய கேமராவின் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினான். கடைசிப் படம் திரை நிறைய விரிந்தது. ஜெயபிரியா வாயில் துப்பட்டாவை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அக்கா முகம் நல்லா விழுந்திருக்கு அண்ணாச்சி. மாலை போடுறதுக்கு முகத்த மட்டும் பெருசாக்கிருதேன். தோள்ல பாப்பா கை கொஞ்சம் வரும். அத அழிச்சிரலாம், இப்பல்லாம் தெரியவே தெரியாது."

"அழிக்க வேண்டாம். அவ அண்ணன் படத்துலயும் ஒரு கை உண்டு."

"சரி. முழுப் படமும் ஒண்ணு போடவா, பாப்பாவுக்கு?"

சிவபாலன் தலையை ஆட்டினார். கிருபாநிதி தொழில்காரன். படத்தின் ஓரத்துக்கு மவுசைக் கொண்டுபோனான்.

"இங்கன பாதி இடம் சும்மா கிடக்கு அண்ணாச்சி. அக்கா கையும் ஏன் இப்பிடி அந்தரத்துல நிக்குன்னு தெரியல. இது வரைக்கும் வெட்டிட்டா ரெண்டு பேரும் சரியா நடுவுல வந்துருவாவ. வெட்டிரவா?"

"வெட்டிராத தம்பி" என்றார் சிவபாலன். "அது நான் நிக்க வேண்டிய இடம்."